நாற்பத்தொரு கிலோ

உட்காருங்கள், வக்கீலம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். சீனியம்மாள் கேஸ். நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் உங்கள் குமாஸ்தா வந்தார். போட மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். இப்போது நீங்களே மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சரி. காகிதத்தை அந்த ஸ்டூலில் வையுங்கள். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. படிப்பதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிட வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்டால் அரை மணி. பேசினால் ஒரு மணி.

முதலில் ஒன்று. நகராட்சிக்காரர்கள் கோர்ட்டில் என்ன பதில் போட்டிருக்கிறார்கள்? அந்த ஒரு வரியை மட்டும் வாசியுங்கள்.

"மேற்படி ஆண்டுகளுக்கான தினக்கூலி மஸ்டர் ரோல் எதுவும் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை."

பராமரிக்கப்படவில்லை. கேட்டீர்களா. அந்த நகராட்சியில் பதிவறை எழுத்தராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். குற்றாலிங்கம் இருந்த அறையில் காகிதம் பராமரிக்கப்படவில்லை என்று இன்றைக்கு எவனோ டைப் அடித்து, அதற்குக் கமிஷனர் கையெழுத்தும் வாங்கிவிட்டான். அந்த வரிக்காகத்தான் உங்களை உள்ளே விட்டேன். இல்லையென்றால் உங்கள் குமாஸ்தா போன வழியில் நீங்களும் போயிருப்பீர்கள்.

சீனியம்மாளுக்காக இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் சங்கதி எனக்குத் தெரியும். துப்புரவுப் பணியாளர். எண்பத்தொன்பதில் தினக்கூலியாக வந்தாள். இரண்டாயிரத்தொன்றில் நிரந்தரம் ஆனாள். இரண்டாயிரத்தொன்பதில் ஓய்வு. பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும். நிரந்தரமான பிறகு அவள் பார்த்தது எட்டு. தினக்கூலியாகப் பார்த்த பன்னிரண்டில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆணை இருக்கிறது. சேர்த்தால் பதினான்கு. பென்ஷன் உண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் வேலைக்கு வந்தாள் என்று காட்ட வேண்டும். காட்டக்கூடியது மஸ்டர் ரோல் ஒன்றுதான். தினம் யார் வந்தார்கள், பெயர், பக்கத்தில் பெருவிரல் ரேகை. வேறு எதிலும் இவர்கள் பெயர் இருக்காது. பணப் புத்தகத்தில் 'கூலி' என்று ஒரே வரியாகப் போயிருக்கும்.

மஸ்டர் ரோல் இல்லை, அதனால் பென்ஷன் இல்லை. பதினைந்து வருஷமாக அலைகிறாள். இப்போது எழுபத்தைந்து வயது. இவ்வளவுதானே? இதை நீங்கள் அறுபது பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது நான் சொல்கிறேன்.

ஒரு கோப்பு முடிந்தால், மூடுகிற எழுத்தர் அட்டையில் வகை எழுத வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். நான்கே வகை. எழுதி என்னிடம் அனுப்பினால் நான் கட்டுப் போட்டு அடுக்குவேன். ஆண்டு முடிந்ததைப் பட்டியல் எடுத்து அழிப்பேன். நிரந்தரம் என்று எழுதினால் நான் செத்த பிறகும் இருக்கும். யோசிக்கிற வேலை எனக்குக் கிடையாது. மூடுகிறவன் யோசிக்க வேண்டும்.

சுகாதாரப் பிரிவு மட்டும் எழுதவே எழுதாது. திருப்பி அனுப்புவேன். அப்படியே திரும்பி வரும். அந்தப் பிரிவு எழுத்தர் சொல்வான், "அண்ணாச்சி, குப்பை அள்ளுற செக்‌ஷனுக்கு வகை என்ன வேண்டிக் கெடக்கு? நீங்களே ஒண்ணு போட்டுக்கோங்க."

நான் எப்படிப் போடுவேன்? அது என் வேலையா? அட்டை வெறுமையாகவே இருந்தது. வகை எழுதாத கட்டுகளுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கி அதில் வைத்தேன். இது என் தப்பு என்று சொல்ல முடியுமா? சொல்லுங்கள். முடியாது.

எனக்கு முன்னால் அந்த அறையில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன், சோம்பேறி. கழித்த காகிதம் பேப்பர் மில்லுக்குப் போகும் வழியில் கொஞ்சம் எங்கேயோ சிந்திவிட்டது. எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒருநாள் கமிஷனருக்கு டீக்கடையிலிருந்து உளுந்த வடை வாங்கி வந்தார்கள். வடையைச் சுற்றியிருந்தது வீட்டு வரி நோட்டீஸ். நகராட்சி முத்திரையோடு. அதுவும் அந்தக் கமிஷனர் குடியிருந்த வீட்டுக்காரர் பெயருக்குப் போட்ட நோட்டீஸ். வடையைத் தின்று முடித்துவிட்டு ஆவுடையப்பனை சஸ்பெண்ட் செய்தார். பதினான்கு மாதம். அவர் பெண்ணுக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்று போனது. திரும்பி வந்தபோது மனுஷன் யாரிடமும் பேசவில்லை.

அந்த நாற்காலியில்தான் என்னை உட்கார வைத்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். ஏற்றுகிற எடை வேறு, பட்டியல் எடை வேறு என்று ஒருத்தன் என்னிடம் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருஷம். ஒருத்தன் சொன்னதில்லை.

இப்போது இரண்டாயிரத்தேழு.

அழிக்க வேண்டிய கட்டுகளைப் பட்டியல் எடுத்தேன். எல்லாம் முறையாக ஆண்டு முடிந்தவை. எடை போட்டு எழுத வேண்டும். மேனேஜர் ஜோதிராஜ் அதற்கு முந்தின ஐப்பசியிலேயே எடை போடச் சொன்னார். நான் சொன்னேன், "சார், மழைக் காலம். கூரை ஒழுகுது. தை பிறக்கட்டும்." அவர் கேட்டால்தானே. "கவுன்சில் கூட்டத்துல வைக்கணும்யா, இப்பவே போடு" என்றார். போட்டேன். ஆயிரத்து நானூற்று அறுபது கிலோ. தீர்மானம் ஆயிற்று. எடையோடு ஆயிற்று.

மில் லாரி எப்போது வந்தது? மே மாதம். கத்தரி வெயில். அறைக்குள் தகரக் கூரை. காகிதம் அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. குடோனிலிருந்து மேடைத் தராசைக் கொண்டுவந்து வைத்து ஒவ்வொரு கட்டாக நானே ஏற்றி இறக்கினேன். ஒரு கட்டு விடவில்லை. மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பத்தொன்பது.

குறைவு நாற்பத்தொன்று.

ஜோதிராஜ் கேட்டார், "குற்றாலிங்கம், நாப்பத்தொண்ணு எங்கய்யா?"

"காஞ்சு போச்சு சார்."

"ஆடிட்டுக்குக் காஞ்சு போச்சுன்னு எழுதுவியா? வேர்த்துப் போச்சுன்னு எழுதேன், இன்னும் நல்லாருக்கும்."

"எடையைத் திருத்தித் திரும்பத் தீர்மானம் வைப்போம் சார்."

"கூட்டம் அடுத்த மாசம். லாரி இப்ப நிக்குது. ஆவுடையப்பன் கதை ஞாபகம் இருக்குல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. செய் என்று அவர் சொல்லவில்லை, அதை நீங்கள் எழுதக் கூடாது. வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போனேன். நாற்பத்தொரு கிலோ வேண்டும். எதை எடுப்பது? நிரந்தரத்தைத் தொட முடியாது. பத்தாண்டு முடியாததைத் தொட முடியாது. விதி இருக்கிறது. விதி எதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை? வகை எழுதாத அலமாரியைப் பற்றி. அதில் இருந்தது இரண்டே சாமான். நாய் லைசென்ஸ் கட்டு ஒன்று, மூன்று கிலோ. அதன்மேல் ஆடிட் கேள்வி ஒன்று நிலுவையில் இருந்ததால் வைத்துவிட்டேன். மற்றது மஸ்டர் ரோல். எண்பத்தொன்பது முதல் இரண்டாயிரம் வரை. ஏழு கட்டு.

நானே சுமந்து வந்து தராசில் வைத்தேன். முதுகு அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பதினெட்டு வருஷமாக அந்த அலமாரிப் பக்கம் ஒருத்தர் வந்து ஒரு தாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேட்டவர் பெயரைக் குறித்து வைத்திருப்பேன். அந்தப் பிரிவுக்காரனே அதற்கு ஒரு வகை எழுதும் மரியாதை தரவில்லை. நான் மட்டும் தர வேண்டுமா?

தர வேண்டும் என்கிறீர்கள். சரி, குறுக்கே பேசாதீர்கள்.

லாரி போயிற்று. ரசீது வந்தது. ஆயிரத்து நானூற்று அறுபது. தீர்மானத்தில் அறுபது, ரசீதில் அறுபது. அந்த வருஷ ஆடிட்டர் தொப்பையைத் தடவிக்கொண்டு, "இந்த டிபார்ட்மென்டுலயே இப்படி ஒரு டேலி பார்த்ததில்ல" என்றார். வேண்டுமானால் அந்த ஆடிட் குறிப்பைப் பாருங்கள். நிரந்தரம். இருக்கும்.

பிறகு ஒரு சிக்கல். பதிவறைப் பேரேட்டில் அந்த ஏழு கட்டும் வரி வரியாக இருந்தது. அறையில் இல்லை. அறையில் இல்லாதது பேரேட்டில் இருக்கக் கூடாது. அது அடிப்படை. பேரேடும் கரையான் தின்று கிழிந்து போயிருந்தது. புதிது போட்டேன். மூன்று மாதம். வீட்டுக்கு எடுத்து வரவில்லை, ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதினேன். என் கையெழுத்தில் ஒரு அடித்தல் கிடையாது. ஏழு வரியை விட்டு, வரிசை எண்ணைத் தொடர்ச்சியாகப் போட்டேன். பழைய பேரேட்டை அடுத்த பட்டியலில் முறையாகச் சேர்த்து அழித்தேன்.

அதனால்தான் இன்றைக்கு அந்த டைப் அடித்தவன் என் பேரேட்டைப் பார்த்துவிட்டு, மஸ்டர் ரோல் இருந்ததே இல்லை என்று எழுதுகிறான். என் பேரேட்டைப் பார்த்து என்னையே பராமரிக்காதவன் என்கிறான். இதற்கு யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் முதலில் வந்தது இரண்டாயிரத்துப் பத்தில். ஓய்வு பெற்று ஒரு வருஷம். பதிவறை ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"ஐயா, எங்க மஸ்டர் ரோல எடுத்துத் தாங்கய்யா. பென்ஷனுக்குக் கேக்காங்க."

பேரேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன், "இல்லை."

"இல்லன்னா எங்கய்யா போச்சு?"

"பேரேட்டில் இல்லை. அவ்வளவுதான்."

அது உண்மை. பேரேட்டில் இல்லை. நான் பொய் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். இங்கே வர ஆரம்பித்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. கேட்டுக்கு வெளியே நிற்பாள். நான் இங்கிருந்தே பதில் சொல்வேன். என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து கத்துவாள், "வெயில்ல எத்தன தடவ நிறுத்துவீங்க, உள்ள வந்து உக்காரச் சொன்னா என்ன கொறஞ்சு போகும்?" இரண்டு நிமிஷப் பேச்சுக்கு எதற்கு உட்காருவது?

போன வருஷம் வந்தபோது ஒரு கேள்வி கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

"ஐயா, நான் கூட்டுனதுக்குக் கணக்கே இல்லன்றாக. அப்ப பன்னெண்டு வருசம் அந்தத் தெருக் குப்பை தானா எந்திரிச்சு நடந்து போச்சாய்யா?"

கேட்டைச் சாத்தலாம் என்று எழுந்து போனேன். அவள் விடவில்லை.

"நீங்க காலையில எட்டே முக்காலுக்கு வருவீக. நான் ஆபீஸு வாசல்ல கூட்டிக்கிட்டு நிப்பேன். ஐயா மேல தூசி படும்னு விளக்குமாத்த நிறுத்துவேன். நீங்க போனப்புறம் கூட்டுவேன். நீங்க பாக்கலயா என்னய?"

பார்த்தேன். நிறுத்துவாள். எண்பத்தொன்பதிலிருந்தே. நான் பதிவறைக்குப் போன முதல் நாள் வாசலில் யாரோ ஒரு பெண் விளக்குமாற்றை நிறுத்தி ஒதுங்கி நின்றது ஞாபகம் இருக்கிறது. அவள்தான். ஆனால் நான் பார்த்தது ஆவணமா? அதற்கு எண் உண்டா, வகை உண்டா? "அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன்.

செல்லும் என்கிறீர்கள். சாட்சியம் என்கிறீர்கள். நீங்கள் சட்டம் படித்தவர். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சரி. நான் பேசப் பேசக் காலி இடங்களை நிரப்பினீர்களே, அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். கண்ணாடி எங்கே. இதோ.

'நான், த. குற்றாலிங்கம், மேற்படி நகராட்சியில் பதிவறை எழுத்தராக...' சரி. '1989 முதல் 2000 வரையிலான மஸ்டர் ரோல் கட்டுகள் ஏழு பதிவறையில் இருந்ததை நான் அறிவேன்...' சரி. 'மே 2007ல் நடந்த ஆவண அழிப்பின்போது மேற்படி கட்டுகள், சுமார் 41 கிலோ எடையுள்ளவை, தவறுதலாக லாரியில் ஏற்றப்பட்டன.'

இதை யார் எழுதியது? நீங்களா?

தவறுதலாக என்ற சொல்லை அடியுங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் அறையிலிருந்து தவறுதலாக ஒரு தாள் வெளியே போனதில்லை. 'தெரிந்தே' என்று எழுதுங்கள். 'பட்டியலில் இல்லை என்று தெரிந்தே என்னால் ஏற்றப்பட்டன.' என்னால் என்பதும் வேண்டும். ஜோதிராஜ் செத்துப் போனார், அவர் பெயர் வேண்டாம். தூக்கி வைத்தது என் கை.

எனக்கு எதிராகத் திரும்பும் என்று எச்சரிக்கிறீர்கள். திரும்பட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கவனமில்லாதவன் என்று எழுதி அதன் கீழே கையெழுத்துக் கேட்காதீர்கள், அது நடக்காது. அடித்துவிட்டீர்களா? பக்கத்தில் நான் சுருக்கொப்பம் போட வேண்டும்.

அடுத்து, 'சுமார் 41 கிலோ'. சுமார் என்ன சுமார்? ஏழு கட்டும் சேர்ந்து நாற்பத்தொன்றே கால். எனக்கு வேண்டியது நாற்பத்தொன்று. கால் கிலோ அதிகம் வந்தது. அதிகம் வந்தாலும் ஆடிட் கேட்பான், பட்டியலில் இல்லாதது ஏறியதா என்று. அதனால் மேல் கட்டைப் பிரித்துத் தாளாக உருவினேன். ஒன்று ஒன்றாக. முள் நேரே நிற்கும் வரை. இருபத்தாறு தாள்.

ஏன் பேனாவை மூடிவிட்டீர்கள்?

எங்கே வைத்தேனா? அதென்ன கேள்வி. ஆபீஸ் காகிதத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேனா? அறையிலேயேதான் வைத்தேன். தனித் தாளாக வைத்தால் காணாமல் போகும். அதனால் பாதாளச் சாக்கடைத் திட்டக் கோப்பின் முதல் கட்டில், வரைபடத்துக்கும் அட்டைக்கும் நடுவில் செருகிவிட்டேன். வடக்குச் சுவர், கீழிருந்து இரண்டாவது தட்டு, இடது கோடி. அது நிரந்தர வகை. அட்டையில் சிவப்பு மையில் இருக்கிறது. எவனும் கழிக்க முடியாது. சாக்கடை இன்னும் போடவில்லை, அதனால் எவனும் பிரித்தும் பார்த்திருக்க மாட்டான்.

எந்த வருஷமா? மேல் கட்டு எண்பத்தொன்பது. வார்டு வாரியாக அடுக்கியது, மேலே இருந்தது ஆபீஸ் வார்டு. ஒரு வார்டுக்கு மாதத்துக்கு இரண்டு தாள் வரும். அப்படியென்றால் ஒரு வருஷமும் ஒரு மாதமும். அவள் பெயர் இருந்ததா என்று கேட்காதீர்கள், நான் படிக்கவில்லை. எடை போடுகிறவன் படிக்க மாட்டான். ஊதா மையில் வரிசையாகப் பெருவிரல் இருந்தது. அதுதான் தெரியும்.

பதினேழு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றால், யார் கேட்டார்கள்? அவள் மஸ்டர் ரோல் கட்டு இருக்கிறதா என்று கேட்டாள். கட்டு இல்லை. இல்லை என்றேன். உதிரித் தாள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அவள் கேட்டிருந்தால்...

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். செம்பு அங்கே இருக்கிறது. எனக்கும் ஒரு டம்ளர்.

ஒரு வருஷம் போதாது, அதில் பாதி ஆறு மாதம்தான் சேரும் என்கிறீர்கள். கணக்கு எனக்கும் தெரியும். மிச்சப் பதினொரு வருஷமும் அதே அலமாரியில் இருந்தது என்று நான் எழுதித் தருகிறேன். இருபத்தாறு தாளும் என் கையெழுத்தும் சேர்ந்தால் ஜட்ஜ் கேட்பாரா? கேட்பார் என்கிறீர்கள். அப்படியென்றால் எழுதுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கட்டு ஒவ்வொன்றின் எடையும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு கட்டு, ஆள் கூடிய கடைசி இரண்டு வருஷம் மட்டும் தனித்தனி. எண்பத்தொன்பது–தொண்ணூறு, ஆறே கால், உருவியது போக ஆறு. தொண்ணூற்றொன்று–தொண்ணூற்றிரண்டு, ஆறு. அடுத்தது...

இருங்கள். அதற்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணத்தை நேரில் பார்வையிட மனுப் போடலாம். இன்றைக்கே போடுங்கள், ஆபீஸ் ஐந்தே முக்கால் வரை. மஸ்டர் ரோல் பார்க்க வேண்டும் என்று எழுதாதீர்கள், இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவான். பாதாளச் சாக்கடைத் திட்டக் கோப்பு, கட்டு ஒன்று என்று எழுதுங்கள். நிரந்தரக் கோப்பை இல்லை என்று அவன் சொல்லவே முடியாது.

உங்கள் பெயருக்குப் போட வேண்டாம். உங்களுக்கு அந்தத் தட்டு தெரியாது. குனிந்து இழுத்தால் மேல் வரிசை தலையில் விழும். நான் வருகிறேன்.

ஓய்வு பெற்றவன் எந்த முறையில் உள்ளே வருகிறான் என்று கேட்பார்கள். கேட்பார்கள்தான். நானாக இருந்தாலும் கேட்பேன். மனுவில் ஒரு வரி இருக்கும், யார் சார்பில் பார்வையிடுகிறார் என்று. அதைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்புவான்.

திருமதி சீனியம்மாள் சார்பில் என்று எழுதுங்கள்.

எழுதிவிட்டீர்களா? மனு அவளுடையது, அவள் ரேகை வேண்டும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாளா? வெயிலில் ஏன் அங்கே உட்கார வைத்தீர்கள்? போன் போட்டு இங்கே வரச் சொல்லுங்கள். கேட் திறந்துதான் இருக்கிறது.